தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தண்ணீர்: உறுதிப்படுத்தல் சார்பு எப்படி வேலை செய்கிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட முடிவு செய்யும் குடும்பங்கள் பல, ரிக் வண்டிக்குச் சொல்வதற்கு முன்பு நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருகின்றன. அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைக் கிடத்திக்கொண்டோ, கவட்டையாகப் பிரிந்த வேப்பங்குச்சியின் இரு நுனிகளையும் பிடித்துக்கொண்டோ வரப்போரமாக மெல்ல நடக்கிறார். ஓரிடத்தில், படுத்திருந்த தேங்காய் எழுந்து நிற்கிறது. அங்கே ஒரு கல்லை நட்டு, கற்பூரம் ஏற்றுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து இறங்குகிறது. முதலில் செம்மண்ணும், பிறகு வெள்ளைப் புழுதியும் பறக்கின்றன. 600 அடியில் புழுதி ஈரமாகி, கம்ப்ரசர் காற்றோடு தண்ணீர் பீறிட்டுவிட்டால், மறுநாள் விடிவதற்குள் நீரோட்டம் பார்த்தவரின் பெயர் நான்கு ஊர்களுக்குப் பரவிவிடும்.

தண்ணீர் வராமல் வெறும் புகையாகவே போனால் என்ன நடக்கிறது? "இன்னும் நூறு அடி போயிருந்தால் கிடைத்திருக்கும்" என்பார் ஒருவர். "பக்கத்துத் தோட்டத்துப் போர் ஊற்றை இழுத்துக்கொண்டது" என்பார் மற்றொருவர். "கல்லுக்கு ஒரு முழம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டார்கள்" என்றும் ஒரு விளக்கம் வரும். இவற்றுள் ஏதாவது ஒன்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தண்ணீர் வந்த நாளில் இப்படி ஒரு விளக்கத்தை யாரும் தேடுவதில்லை. "இந்த வட்டாரத்தில் எங்கே துளைத்திருந்தாலும் வந்திருக்குமோ" என்று யாரும் கேட்பதில்லை. வெற்றி கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. தோல்வி மட்டும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டு, பெரும்பாலும் விடுதலையும் செய்யப்படுகிறது. உளவியலாளர்கள் உறுதிப்படுத்தல் சார்பு என்று அழைக்கும் பழக்கம் இந்தச் சமமின்மையில்தான் இருக்கிறது.

சொல்லின் பொருள்

ஆங்கிலத்தில் கன்ஃபர்மேஷன் பயாஸ் எனப்படும் இந்தச் சொல், ஏற்கெனவே நம்பும் ஒன்றுக்கு ஆதரவான சான்றுகளைத் தேடவும், வந்த சான்றை அந்த நம்பிக்கைக்கு இசைவாகப் புரிந்துகொள்ளவும், பின்னர் அத்தகைய சான்றுகளையே நினைவில் வைத்துக்கொள்ளவும் மனிதமனம் காட்டும் சாய்வைக் குறிக்கிறது. தேடுதல், பொருள்கொள்ளுதல், நினைவுகொள்ளுதல் ஆகிய மூன்றும் தனித்தனியானவை. ஒருவர் நேர்மையாகத் தேடிவிட்டுப் பொருள்கொள்வதில் தவறலாம். இரண்டிலும் சரியாக இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு பக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம்.

இதைப் பிடிவாதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர், நான்காவது காலைப் பார்த்த பிறகும் சாதிக்கிறார். உறுதிப்படுத்தல் சார்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது: மூன்று கால்களை எண்ணியதும் எண்ணுவதை நிறுத்திவிடுவதுதான் அது. எண்ணியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது மூன்றுதான். அதனால்தான் இதைத் தன்னிடம் கண்டுபிடிப்பது கடினமாகிறது. உண்மையோடு நடந்துகொண்டோம் என்ற நிறைவு நமக்கு மீந்துவிடுகிறது.

நீரோட்டம் பார்ப்பவரையும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட முடியாது. மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு எழும்போது, கை தன்னையறியாமலேயே நுண்ணிய அளவில் அசைகிறது என்பதை இங்கிலாந்து உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் 1852ஆம் ஆண்டிலேயே விளக்கினார். தேங்காயைத் தாங்கியிருக்கும் கை அசைவதை அந்தக் கைக்குரியவரே உணர்வதில்லை. பெரும்பாலானோர் தம் கையில் நடப்பதை உண்மையாகவே நம்புகிறார்கள்.

நான்கு கட்டங்களும் வேண்டும்

கணக்குப் பார்ப்பதற்காக ஒரு வட்டாரத்தில் 100 போர்கள் போடப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் 60 நீரோட்டம் பார்த்த இடங்களில் போட்டவை. 40 எதுவும் பார்க்காமல், மின் கம்பத்திற்கு அருகில், வீட்டிற்குப் பின்புறம் என்று வசதிக்கேற்பப் போட்டவை. இந்த எண்கள் கற்பனையானவை, விளக்கத்திற்கு மட்டுமே.

1. நீரோட்டம் பார்த்தது, தண்ணீர் வந்தது: 42
2. நீரோட்டம் பார்த்தது, தண்ணீர் வரவில்லை: 18
3. பார்க்கவில்லை, தண்ணீர் வந்தது: 28
4. பார்க்கவில்லை, தண்ணீர் வரவில்லை: 12

முதல் கட்டத்தில் இருக்கும் 42 பேரைச் சந்தித்துப் பேசினால், நீரோட்டம் பார்ப்பது பலிக்கிறது என்பதில் ஐயமே எழாது. 42 சாட்சிகள் என்பது சிறிய எண்ணிக்கை அன்று. ஆனால் 60க்கு 42 என்பது 70 விழுக்காடு. 40க்கு 28 என்பதும் 70 விழுக்காடு. தேங்காய் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள நான்கு கட்டங்களும் தேவைப்பட்டன. மூன்றாவது கட்டத்தைத் தேடிப்போய்க் கேட்பவர் யாரும் இல்லை, ஏனென்றால் அங்கே சொல்வதற்கு ஒரு கதை இல்லை. எதுவும் பார்க்காமல் போட்டோம், தண்ணீர் வந்தது என்பதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

இரண்டாவது கட்டம் நிலத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. தண்ணீர் விழுந்த போரைச் சுற்றி தென்னையும் தக்காளியும் நிற்கின்றன, மோட்டார் அறை இருக்கிறது, வழியே போகிறவர் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறார். பெயிலான போரில் ஒரு மூடியைப் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டால், இரண்டு மழைக்குப் பிறகு அது இருந்த இடமே தெரியாது. இதே குறையை 1620இல் பிரான்சிஸ் பேக்கன் சுட்டிக்காட்டியிருக்கிறார். கப்பல் கவிழ்ந்தபோது வேண்டிக்கொண்டு உயிர் பிழைத்தவர்களின் ஓவியங்களை ஒரு கோயிலில் காட்டியவர்களிடம், வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் ஓவியங்கள் எங்கே என்று ஒருவர் கேட்டதாக அவர் எழுதினார். அந்தக் கேள்வி அவருக்கும் முந்தைய பழங்காலத்திலிருந்து வருவது.

நிலவியல் அடிப்படையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்விரு மாவட்டங்களின் அடித்தளம் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. நிலத்தடியில் ஆறுபோல நரம்பு நரம்பாகத் தண்ணீர் ஓடுவதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளிலும் மழைநீர் இறங்கித் தேங்குகிறது. வெடிப்புகள் மிகுந்த பகுதியில் எங்கே துளைத்தாலும் ஓரளவு நீர் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது; இறுகிய பாறையில் தேங்காய் எத்தனை முறை நிமிர்ந்தாலும் நீர் இராது. நிலத்தில் மின்சாரம் செலுத்தி, அடித்தளம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பார்க்கும் நிலவியலாளர்கூட வாய்ப்பைத்தான் சொல்ல முடியும், உறுதி தர முடியாது.

மியூனிக் களஞ்சியத்தில் நடந்தது

நீரோட்டம் பார்ப்பது ஜெர்மனியிலும் பரவலாக இருந்தது. அந்நாட்டு அரசின் நிதியுதவியுடன் இயற்பியலாளர்கள் சிலர் 1987-88இல் மியூனிக் அருகே ஒரு பெரிய சோதனையை நடத்தினர். ஏறத்தாழ 500 பேரிலிருந்து திறமையானவர்களாகத் தோன்றிய 43 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஓர் இரண்டடுக்குக் களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில், 10 மீட்டர் நீளமுள்ள கோட்டில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தக்கூடிய குழாயில் நீர் ஓடியது. மேல்தளத்தில் நடப்பவர், குழாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்படி 843 சோதனைகள் நடந்தன.

பெரும்பாலானோர் தோற்றனர். ஆனால் ஒரு சிலர் வியக்கத்தக்க திறமை காட்டினர் என்றும், எனவே இந்த ஆற்றல் உண்மையானது என்றும் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1999இல் அமெரிக்க அறிவியலாளர் ஜிம் என்ரைட் அதே எண்களை எடுத்து மறுபடியும் பார்த்தார். திறமையானவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களுள் ஒரு தொடரில் குழாய்க்கு அருகே சொன்னவர்கள், அடுத்த தொடரில் அப்படிச் சொல்லவில்லை. 43 பேர் குருட்டாம்போக்கில் சொன்னால் சிலர் சில முறை சரியாகச் சொல்லவே செய்வார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது போன்ற அந்தச் சில முறைகளையே முடிவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருடைய முடிவு.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது குச்சி பிடித்தவர்களை அன்று. இயற்பியல் படித்து, சோதனையைத் திட்டமிட்டு, எண்களைச் சரியாகப் பதிவு செய்த ஆய்வாளர்களே அந்த எண்களிலிருந்து தங்கள் எதிர்பார்ப்புக்கு ஒத்துவந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். படிப்பறிவு இல்லாதவர்களின் குறை இது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது சரியன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2, 4, 6

இந்தச் சாய்வை ஆய்வகத்தில் முதலில் பிடித்துக் காட்டியவர் லண்டனைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் வேசன். 1960இல் அவர் வெளியிட்ட சோதனை எளிமையானது. "2, 4, 6 என்ற மூன்று எண்களும் நான் மனத்தில் வைத்திருக்கும் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள்; பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். விதி உறுதியாகத் தெரிந்ததும் அறிவியுங்கள்" என்பதுதான் ஏற்பாடு.

பங்கேற்றவர்களுக்கு உடனே ஓர் ஊகம் தோன்றியது: இரண்டிரண்டாகக் கூடும் எண்கள். எனவே 8, 10, 12 என்றார்கள், பொருந்தியது. 20, 22, 24 என்றார்கள், பொருந்தியது. விதியை அறிவித்தார்கள், தவறு என்று பதில் வந்தது. வேசன் மனத்தில் இருந்த விதி "ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும்" என்பதே. 1, 2, 50 என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் ஊகம் உடைந்திருக்கும். பங்கேற்ற 29 பேரில் 6 பேர் மட்டுமே முதல் அறிவிப்பிலேயே சரியான விதியைச் சொன்னார்கள்.

இங்கே யாருக்கும் எந்த ஆசையும் இல்லை, சாதியோ கட்சியோ பணமோ இதில் சம்பந்தப்படவில்லை. மூன்று எண்கள் மட்டுமே. அப்படியும் பெரும்பாலானோர் தம் ஊகம் சரியாக இருந்தால் "ஆம்" என்று வரக்கூடிய கேள்விகளையே கேட்டார்கள். தவறாக இருந்தால் காட்டிக்கொடுக்கும் கேள்வியைக் கேட்கவில்லை.

மனம் ஏன் இப்படிப் பழகியது?

ஒரு காரணம், இது பல நேரங்களில் பயன்படும் குறுக்குவழி. "இந்தப் புதரில் பாம்பு இருக்குமோ" என்று ஐயம் வந்தால் பாம்பின் அறிகுறிகளைத் தேடுவதே அறிவு. 1987இல் ஜோஷுவா கிளேமன், யங்-வான் ஹா என்ற இரு ஆய்வாளர்கள், ஊகத்திற்கு ஒத்துவரும் இடத்தில் முதலில் தேடுவது பல சூழல்களில் தக்க வழியே என்றும், சில சூழல்களில் மட்டும் அது ஏமாற்றிவிடுகிறது என்றும் காட்டினர். மற்றொரு காரணம், ஆசை. நமக்குப் பிடித்த முடிவு வந்தால் "இதை நம்பலாமா" என்று கேட்கிறோம், ஒரு சான்று போதும். பிடிக்காத முடிவு வந்தால் "இதை நம்பியே ஆக வேண்டுமா" என்று கேட்கிறோம், ஓர் ஓட்டை போதும்.

நினைவுக்கு வருவோம். மழை வருவதற்கு முன்பு மூட்டு வலிக்கும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் உறுதியாகச் சொல்வார்கள். டொனால்ட் ரெடல்மையர், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் 18 மூட்டுவாத நோயாளிகளின் வலி அளவுகளும் வானிலைப் பதிவுகளும் 15 மாதங்களுக்கு ஒப்பிடப்பட்டன. நோயாளிகள் உறுதியாக நம்பிய தொடர்பு பதிவுகளில் தென்படவில்லை. மேகம் கறுத்த நாளில் வந்த வலி நினைவில் நிற்கிறது. வெயில் காய்ந்த நாளில் வந்த அதே வலி வெறும் வலியாகக் கடந்துபோகிறது.

சான்றின் பொருள் மாறும்போது

தேடலும் நினைவும் தவறினால் பணமும் காலமும் வீணாகும். பொருள்கொள்ளுதல் தவறினால் உயிரே போகலாம். நம் பக்கத்து மாவட்டத்தில் போயிருக்கிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், குழந்தை கடத்தும் கும்பல்கள் ஊருக்குள் புகுந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் காணொளிகளும் குரல் பதிவுகளும் வட தமிழகம் முழுவதும் பரவின. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக நின்றது. அதில் இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூடிய கூட்டம் தாக்கியதில் அவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தனர்.

குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் ஊரில் எந்த வயதானவரும் செய்வது. வதந்தி வருவதற்கு முந்தைய மாதத்தில் அதே செயலை அதே தெருவில் யாராவது செய்திருந்தால் அன்பு என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள். வதந்தி மனத்தில் குடியேறிய பிறகு, மிட்டாய் கொடுத்தது தூண்டிலாகவும், வழி கேட்டது வேவு பார்த்ததாகவும், பயந்து பேச்சுத் தடுமாறியது குற்ற உணர்வாகவும் மாறின. அவர்கள் செய்த எதுவும் "இவர்கள் குற்றமற்றவர்கள்" என்று காட்டக்கூடியதாக இல்லாமல் போயிற்று. மிட்டாய் கொடுக்காமல் ஒதுங்கி நின்றிருந்தால் அதையும் ஐயத்திற்குரியதாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். எது நடந்தாலும் உறுதியாகிற நம்பிக்கை ஒன்று ஒரு தெருவில் நுழைந்துவிட்டால், அங்கே அந்நியர் யாரும் பாதுகாப்பாக இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. வேகம் குறையும்; வந்த செய்தியைப் படிக்கிற மனத்திற்கு வரம்பு இல்லை.

தோற்க முடியாத சோதனை

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளூரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். அதைத் தாண்டினால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. மிக அதிகமான அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் உருவாகி 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

"எங்கள் போர் தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்கும், அதில் ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சோதிக்காமல் சொல்லவில்லை. நாள்தோறும் நாக்கால் சோதித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் குடிநீரில் காணப்படும் அளவுகளில் புளூரைடுக்குச் சுவையோ நிறமோ மணமோ இல்லை. நீர் கெட்டிருந்தாலும் நன்றாக இருந்தாலும் நாக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும். அந்தச் சோதனை தோற்கவே முடியாது, ஆகவே அதில் வென்றதற்கும் பொருளில்லை. "என் தாத்தாவும் இங்கேதான் குடித்தார், பல் வெள்ளையாகவே இருந்தது" என்ற சான்றும் இப்படிப்பட்டதே. பல்லின் மேற்பூச்சு உருவாவது ஏறத்தாழ எட்டு வயது வரை; தாத்தா எட்டு வயதில் குடித்தது ஆழ்துளைப் போரின் நீராக இருந்திருக்க வாய்ப்பில்லை. கொதிக்க வைத்துக் குடிப்பதாலும் புளூரைடு போகாது, நீர் சுண்டுவதால் செறிவு சற்றே கூடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்துச் சோதிப்பது ஒன்றே, "கெட்டது" என்ற பதிலும் வரக்கூடிய சோதனை.

சாய்வைக் குறைக்கும் வழிகள்

நடுநிலையோடு யோசிக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றலாம். போதாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1979இல் சார்லஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள் 24 பேருக்கும் எதிர்க்கும் மாணவர்கள் 24 பேருக்கும் ஒரே இரண்டு ஆய்வறிக்கைகளைக் கொடுத்தனர். ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது இல்லை என்றது. இரு தரப்பினரும் தமக்கு ஒத்துவந்த அறிக்கையைத் தரமானது என்றும், மற்றதில் முறைக் குறைகள் மிகுந்திருப்பதாகவும் சொன்னார்கள். இத்தகைய தகவலைப் படித்தபின் கருத்து மேலும் இறுகுகிறதா என்பதில் பிற்கால ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. ஆனால் பிடிக்காத சான்றைக் கூடுதல் கடுமையோடு ஆராய்கிறோம் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

1984இல் அதே வகைச் சோதனையில், ஒரு குழுவிடம் "நீதிபதியைப் போல நடுநிலையாக இருங்கள்" என்று சொன்னார்கள், பலன் இல்லை. மற்றொரு குழுவிடம், "இதே முறையில் செய்த ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால், அப்போதும் இதே மதிப்பெண் கொடுப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். சாய்வு தெளிவாகக் குறைந்தது. நல்ல எண்ணம் உதவவில்லை, குறிப்பான ஒரு கேள்வி உதவியது. இதிலிருந்து அன்றாடத்திற்கு எடுத்துக்கொள்ளத்தக்கவை:

1. எது நடந்தால் என் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எத்தனை அடிக்குள் எத்தனை இன்ச் தண்ணீர் வர வேண்டும் என்பது வண்டி இறங்கும் முன்பே தாளில் இருந்தால், "இன்னும் நூறு அடி" என்ற விளக்கம் பிறகு நுழைய இடமிராது.

2. எதிரான செய்தியை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். தம் கருத்துக்கு முரணான தகவல்கள் மற்றவற்றைவிட விரைவில் மறந்துபோவதைக் கண்ட சார்லஸ் டார்வின், அவற்றை உடனுக்குடன் எழுதிவைப்பதைப் பல ஆண்டுகள் விதியாகவே பின்பற்றியதாகச் சொல்லியிருக்கிறார்.

3. ஒப்பிட்டுப் பார்க்க, செய்யாத ஒன்றும் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரித் தோட்டங்களில் அல்போன்சா மரங்கள் ஓர் ஆண்டு நன்றாகக் காய்த்து மறு ஆண்டு ஓய்வது இயல்பு. காய்ப்பு குறைந்த ஆண்டின் முடிவில் ஒரு புதிய மருந்தைத் தோட்டம் முழுவதும் தெளித்தால், அடுத்த ஆண்டு காய்ப்பு கூடவே செய்யும். பெருமை மருந்துக்குப் போகும். ஒரே வயதுடைய 20 மரங்களைத் தேர்ந்து, எந்தப் பத்துக்குத் தெளிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, காய் இறக்கும் ஆட்களிடம் எந்த மரம் எது என்பதைச் சொல்லாமல், ஒவ்வொரு மரத்தின் கிரேட்டுகளையும் தனித்தனியாக எண்ணச் சொல்லி ஒரு நோட்டில் எழுதினால், இரண்டு பருவங்களுக்குள் அந்த மருந்தை மறுபடி வாங்குவதா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.